காபிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி: ஒரு தண்ணீர்க் கணக்கின் நிகழ்வு ஆய்வு

உணவு ஆலோசகரான என்னிடம் அவர் கொண்டுவந்த எக்செல் தாளில் 35 நாட்கள் இருந்தன. அதில் 29 நாள் சிவப்பு. சிவப்பு என்றால் அன்றைக்குக் குடித்திருக்க வேண்டிய தண்ணீரில் துண்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வயது 39, எடை 68 கிலோ, வேலை தணிக்கை. நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் பிழை தேடுகிற மனிதர், தன் உடம்புக்கும் ஒரு பேரேடு போட்டு வைத்திருந்தார்.

"இவ்வளவு குடித்தும் உடம்பில் தண்ணீர் நிற்க மாட்டேன் என்கிறது, மேடம்" என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம். இரவில் மூன்று முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார். பகலில் அசதி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தலைவலி. எல்லாவற்றுக்கும் நீர்ச்சத்துக் குறைவுதான் காரணம் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். காபியைக் கட்டுப்படுத்த ஒரு வழி சொன்னால் போதும், மீதியைத் தாளே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையோடு வந்திருந்தார்.

இது ஒரே ஒருவரின் கதை. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதியதை அவரும் படித்துப் பார்த்துச் சரி என்றார், ஓர் இடத்தில் என் கூட்டலைத் திருத்தவும் செய்தார்.

தாளில் என்ன இருந்தது

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை. குடித்த தண்ணீர், காபி, தேநீர், நிகரம், இலக்கு, மீதி என்று பத்திகள். இலக்கு 3,700 மி.லி. காபியும் தேநீரும் கழித்தல் குறியோடு நின்றன. அவர் முதலில் வைத்திருந்த ஒரு கைபேசிச் செயலி காபியைத் தண்ணீராக ஏற்றுக்கொள்ளவில்லை. அதோடு, காபி எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு தண்ணீரை உடம்பிலிருந்து வெளியே இழுத்துவிடும் என்று எங்கோ படித்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து ஒரு விதி ஆக்கிவிட்டார்: ஒரு கோப்பை காபிக்கு ஒரு கோப்பை தண்ணீர் அபராதம்.

வேலை நாளில் 200 மி.லி. கோப்பையில் நான்கு காபி, 150 மி.லி. கோப்பையில் இரண்டு தேநீர். கூட்டினால் 1,100 மி.லி. இதைக் கழித்த பிறகும் 3,700 தேற வேண்டுமானால் வெறும் தண்ணீர் மட்டுமே 4,800 மி.லி. குடிக்க வேண்டும். அவரால் சராசரியாக 4,350 வரைதான் முடிந்தது. அதனால் தினமும் 450 மி.லி. பற்றாக்குறை, தினமும் சிவப்பு.

பகலில் கூட்டம், கோப்பு, தொலைபேசி என்று நேரம் ஓடிவிடும். இரவு எட்டு மணிக்குத் தாளைத் திறந்தால் சிவப்பு முறைக்கும். எட்டிலிருந்து பத்துக்குள் ஒன்றரை லிட்டர் குடிப்பார். அப்புறம் இரவில் மூன்று தடவை எழுந்திருக்காமல் என்ன செய்வது? அந்தத் தொடர்பு அவருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் கண்ணில் அந்தச் சிறுநீர் காபி வெளியே இழுத்த தண்ணீர். அதை ஈடுகட்ட மறுநாள் இன்னும் கொஞ்சம் குடிக்க வேண்டும். தூக்கம் கெட்டதால் மறுநாள் மாலை ஐந்தரைக்கு நான்காவது காபி இல்லாமல் ஓடாது. அந்தக் காபிக்கு அபராதமாக இரவில் இன்னொரு கோப்பை தண்ணீர். வட்டம் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

முதலில் மருத்துவர்

தாளைப் பார்த்ததும் எனக்கு விடை ஏறக்குறைய தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறையச் சிறுநீர், இரவில் பல முறை எழுவது, அசதி மூன்றையும் ஒரே வாயில் கேட்டால் உணவு ஆலோசகர் கணக்குப் போட உட்காரக்கூடாது. சர்க்கரை நோயும் இதே வேடத்தில்தான் வரும். அதனால் முதலில் அவருடைய மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்தச் சர்க்கரை இயல்பு, சிறுநீரகச் செயல்பாடு இயல்பு. ரத்தத்தில் சோடியம் 136. இயல்பான எல்லை 135 முதல் 145 வரை என்பதால் அறிக்கையில் எந்த அடிக்கோடும் இல்லை. வேலியை ஒட்டித்தான் நின்றது, ஆனால் உள்ளே நின்றது.

ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேகரித்து அளந்தார். 4.6 லிட்டர். பெரியவர் ஒருவருக்கு 3 லிட்டரைத் தாண்டினாலே அதை அதிகச் சிறுநீர்ப்போக்கு என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். நிறத்தைக் கேட்டேன். "தண்ணீர் மாதிரி, நிறமே இல்லை" என்றார், கொஞ்சம் பெருமையோடு. நிறமே இல்லாமல் போனால் உடம்பு சுத்தமாக இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளே வந்த உபரியைச் சிறுநீரகம் அப்படியே வெளியே ஊற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வெளிர் மஞ்சள் போதும். நீர்ச்சத்து உண்மையிலேயே குறைந்த உடம்பு ஒரு நாளைக்கு 4.6 லிட்டரை வெளியே விடாது. சொட்டுச் சொட்டாக, அடர் மஞ்சளாகத்தான் விடும்.

இரண்டாவது சந்திப்பு: தணிக்கை

எண்களை நான் விளக்குவதைவிட அவரே கண்டுபிடித்தால்தான் நம்புவார் என்று பட்டது. "சார், இதை உங்களுடையதாக நினைக்காமல் ஒரு வாடிக்கையாளரின் கணக்காக நினைத்துப் பாருங்கள். 3,700 என்ற எண்ணுக்கு ஆதாரம் எங்கே?" என்றேன்.

ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் 2004-இல் வெளியிட்ட பரிந்துரையில் வளர்ந்த ஆண்களுக்கு 3.7 லிட்டர், பெண்களுக்கு 2.7 லிட்டர் என்று இருக்கிறது. ஆனால் அந்த எண்ணின் பெயர் 'மொத்த நீர்'. தண்ணீர், காபி, தேநீர், பால், பழச்சாறு என்று குடிக்கும் எல்லாமும், தட்டில் இருக்கும் உணவிலுள்ள நீரும் சேர்ந்தது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உணவிலிருந்தே வந்துவிடுகிறது. வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர், தர்பூசணியில் 90-க்கு மேல். அந்த 3.7 கூட உடம்புக்குத் தேவையான குறைந்தபட்ச அளவு கிடையாது. அமெரிக்காவில் ஆரோக்கியமான மக்கள் வழக்கமாக எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று கணக்கெடுத்து, அதன் நடு அளவைப் போதுமானது என்று எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 2 லிட்டர் என்றது. அதுவும் உணவிலுள்ள நீரைச் சேர்த்துத்தான். இரண்டு பெரிய அமைப்புகளுக்கு நடுவே ஒரு லிட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும்போது, கடைசி 50 மி.லி.க்காக இரவு பத்து மணிக்குக் குவளையைத் தூக்குவது வீண் வேலை என்பது என் எண்ணம்.

அவர் பேனாவை எடுத்தார். இலக்கு மொத்த நீர் என்றால் வரவும் மொத்த நீராக இருக்க வேண்டும். தண்ணீர் 4,350. காபியும் தேநீரும் 1,100. உணவிலிருந்து தோராயமாக 700. மொத்தம் 6,150. இலக்கைவிட 2,450 அதிகம். தாளோ 450 குறைவு என்கிறது. ஆக, பிழை 2,900 மி.லி.

"ஆயிரத்து நூறை இரண்டு முறை அடித்திருக்கிறேன்" என்றார். வரவில் சேர்க்காதது ஒரு முறை, செலவில் எழுதியது ஒரு முறை. இரண்டு 1,100 சேர்ந்தால் 2,200, அதோடு விட்டுப்போன உணவு 700. ஒரு மி.லி. பிசகாமல் 2,900 வந்து நின்றது. அந்த நிமிடத்தில் அவர் முகத்தில் நிம்மதியைவிடத் தொழில் அவமானம்தான் அதிகம் தெரிந்தது.

ஆறுதலுக்காக ஒன்று சொன்னேன். இதே பிழையை இதற்கு முன்பு ஒரு நாடே செய்திருக்கிறது. 1945-இல் அமெரிக்காவின் உணவு மற்றும் ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.5 லிட்டர் நீர் பொருத்தம் என்று எழுதியது. இதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் அங்கேயே எழுதியிருந்தது. முதல் பாதி ஊரெல்லாம் பரவியது, இரண்டாம் பாதி காணாமல் போனது. தினம் எட்டுக் குவளை என்ற விதி அங்கிருந்துதான் கிளம்பியிருக்கலாம் என்று சொல்வார்கள். ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக உடலியலாளர் 2002-இல் அந்த எட்டுக் குவளைக்கு அறிவியல் ஆதாரம் ஏதாவது உண்டா என்று தேடிப் பார்த்து, மிதமான தட்பவெப்பத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் ஆரோக்கியமானவர்களுக்கு அப்படி எதுவும் அகப்படவில்லை என்று எழுதினார். காபி, தேநீர் போன்ற கஃபீன் உள்ள பானங்களையும் கணக்கில் சேர்க்கலாம் என்பதும் அதே கட்டுரையில் உண்டு.

"ஆனால் காபி தண்ணீரை இழுக்கும்தானே?"

இலக்கைத் திருத்த ஒப்புக்கொண்டார். கழித்தல் குறியை எடுக்க மட்டும் மனம் வரவில்லை. படித்ததைக் கையோடு கொண்டுவந்திருந்தார், அதை நான் உதறித்தள்ளவில்லை. அவர் படித்தது பொய்யில்லை.

சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் 99 சதவீதத்தைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கிறது. திரும்ப எடுக்கும் வேலையில், குறிப்பாகச் சோடியத்தை மீட்பதில், அடினோசின் என்ற வேதிப்பொருளுக்கு ஒரு பங்கு உண்டு. அடினோசின் உட்காரும் இடத்தில் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. சோடியம் கொஞ்சம் நழுவுகிறது, அதன் பின்னால் தண்ணீரும் போகிறது. ஆக, கஃபீன் சிறுநீரைக் கூட்டும் பொருள்தான். எவ்வளவு, யாருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவர் படித்தது 1997-இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றியது. பன்னிரண்டு பேர் ஐந்து நாள் கஃபீனைத் தொடாமல் இருந்தார்கள். ஆறாம் நாள் ஆறு கோப்பை காபி, அதாவது 642 மி.கி. கஃபீன். அன்றைய சிறுநீர் சராசரியாக 753 மி.லி. கூடியது, உடல் எடை 700 கிராம் குறைந்தது. காபி உடம்பை வற்றவைக்கும் என்ற பேச்சுக்கு இதுபோன்ற எண்கள்தான் தீனி. அதில் 'ஐந்து நாள் தொடாமல்' என்ற சொற்கள் வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிடுகின்றன. இங்கேயும் பாதி வாக்கியம்தான் ஊர் சுற்றியிருக்கிறது, பாருங்கள்.

தினமும் குடிப்பவரின் சிறுநீரகம் கஃபீனுக்குப் பழகிவிடும். இது புதுச் செய்தியும் இல்லை. 1928-லேயே எடி, டவுன்ஸ் என்ற இருவர் மனிதர்களிடம் சோதித்து, தொடர்ந்து கஃபீன் எடுத்தால் சிறுநீரைக் கூட்டும் விளைவு மங்குகிறது என்றும், சில நாள் நிறுத்தினால் அது திரும்பிவிடுகிறது என்றும் காட்டியிருக்கிறார்கள். 2014-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் காபிப் பழக்கமுள்ள ஐம்பது ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மூன்று நாள் தினமும் 200 மி.லி. வீதம் நான்கு காபி, இன்னொரு மூன்று நாள் அதே அளவு தண்ணீர். உடலிலுள்ள மொத்த நீரை டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கலந்த நீரைக் கொண்டு அளந்தார்கள். குறிப்பிடும்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நான்கு காபி, 200 மி.லி. என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது என் கோப்பைதானே?"

பழக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒட்டுமொத்தமாக எவ்வளவு என்று கேட்டால், 16 ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு ஒன்று இருக்கிறது. சுமார் 300 மி.கி. கஃபீனுக்குக் கூடுதல் சிறுநீர் சராசரியாக 109 மி.லி. 300 மி.கி. வேண்டுமானால் அவருடைய கோப்பையில் கிட்டத்தட்ட நான்கு காபி குடிக்க வேண்டும். அப்படிக் குடிக்கும்போது 800 மி.லி. உள்ளே போகிறது, கூடுதலாக 109 வெளியே வருகிறது. கழித்தல் குறி போடும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. உடற்பயிற்சியின்போது அந்தச் சிறு விளைவும் ஏறக்குறைய இல்லாமல் போகிறது என்கிறது அதே தொகுப்பு.

அடுத்த நியாயமான கேள்வி: "காபி குடித்த அரை மணியில் ஓட வேண்டியிருக்கிறதே, அது எப்படி?" அவசரம் வேறு, அளவு வேறு. கஃபீன் சிறுநீர்ப்பையை உசுப்புவதால், பை நிறைவதற்கு முன்பே போக வேண்டும் என்ற உணர்வு வரலாம். இரண்டு முறை போனதை இரண்டு மடங்கு போனதாக மனசு எழுதிக்கொள்கிறது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அளந்து பார்த்தார்

தணிக்கையாளர் என்றால் இதுதான் தொல்லை, இதுதான் வசதியும்கூட. சொன்னதை அப்படியே நம்ப மாட்டார். நான்கு சனிக்கிழமைகளை ஒதுக்கினோம். காலை 7, 9, 11 மணிக்கு 200 மி.லி. வீதம், ஒரு வாரம் காபி, அடுத்த வாரம் வெந்நீர். காலை உணவு நான்கு நாளும் ஒன்றே. பகல் 1 மணி வரை வந்த சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்து எழுதினார்.

காபி நாட்களில் 780, 860 மி.லி. தண்ணீர் நாட்களில் 810, 740. சராசரியில் காபி 45 மி.லி. கூடுதல். ஆனால் இரண்டு காபி நாட்களுக்கு நடுவிலேயே 80 மி.லி. வித்தியாசம் இருக்கிறதே! ஒரே ஆள், நான்கே நாள், எது எந்த நாள் என்று அவருக்கே தெரியும். இதை வைத்து எதையும் நிறுவ முடியாது, நிறுவவும் நான் முயலவில்லை. அவருடைய விதி சரியென்றால் 600 மி.லி. காபிக்கு 600 மி.லி. கூடுதலாக வெளியே வந்திருக்க வேண்டும். அது வரவில்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. கழித்தல் குறி போயிற்று.

இரண்டாவது தண்ணீர்ச் சனிக்கிழமை நண்பகலில் தலை லேசாகக் கனத்தது என்று ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். எனக்கு அந்தக் குறிப்புதான் மற்ற எல்லா எண்களையும்விடப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

பழைய தாளின் 35 நாளில் ஐந்து ஞாயிறுகள். வாரம் ஒரு நாள் உடம்புக்கு ஓய்வு என்று ஞாயிறு அவர் காபி, தேநீர் எதுவும் குடிப்பதில்லை. அன்றைக்குக் கழிக்க ஒன்றும் இல்லாததால் தாளில் பச்சை நிறம் பார்த்த நாட்கள் பெரும்பாலும் இவைதான். தலைவலி வந்த நாட்களும் இவைதான். நான்கு ஞாயிறு வலி, ஒரு ஞாயிறு இல்லை.

நீர்ச்சத்துக் குறைவால் தலைவலி என்றால், தாளின்படியே அதிகத் தண்ணீர் இருந்த நாளில் ஏன் வலிக்க வேண்டும்? இதைக் கேட்டதும் அவர் நீண்ட நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வலி வராத அந்த ஒரு ஞாயிற்றைக் கைபேசி நாட்காட்டியில் தேடினார். உறவினர்கள் வந்திருந்த நாள். மறுக்க முடியாமல் காலையில் அவர்களோடு காபி குடித்திருக்கிறார். தாளில் அந்தக் காபியும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது, கழித்தல் குறியோடு.

கஃபீன் நின்றால் வரும் தலைவலி பெரும்பாலும் கடைசிக் கோப்பையிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும். சனி மாலை ஐந்தரைக்குக் கடைசிக் காபி, ஞாயிறு பிற்பகல் வலி. கைகாட்டி மரம் மாதிரி நேரம் பொருந்துகிறது. நாளெல்லாம் கஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சற்று சுருக்கி வைத்திருக்கிறது. அது இல்லாத நாளில் அவை விரிகின்றன, தலை இடிக்கிறது. சிலருக்கு நாளொன்றுக்கு 100 மி.கி. பழக்கமே இதற்குப் போதும். அசதி, எரிச்சல், கவனம் நிற்காமை எல்லாம் சேர்ந்து வரலாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடு 2013 பதிப்பில் இதைத் தனி நிலையாகவே சேர்த்திருக்கிறது. இவரோ அந்த வலிக்கு மருந்தாகத் தண்ணீர் குடித்து, அது பலிக்காமல் இன்னும் குடித்து, திங்கள் காலைக் காபியில் வலி போனதும் 'நேற்று குடித்த தண்ணீர் இப்போதுதான் வேலை செய்கிறது' என்று நினைத்திருக்கிறார்.

வாரம் ஒரு நாள் விடுமுறை கஃபீன் பழக்கத்துக்குப் பொருந்தாது. பழக்கம் கலைய ஒரு நாள் போதாது, வலி வர ஒரு நாள் போதும். விட வேண்டுமானால் சில வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட வேண்டும். விட வேண்டாம் என்றால் ஞாயிறும் காலையில் ஒரு காபி குடித்துவிடலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு விநாடி.

மாற்றியது என்ன

குடிக்கும் அளவை ஒரேயடியாகப் பாதியாக்கவில்லை, பத்து நாளில் இறக்கினோம். மாதக் கணக்கில் அளவுக்கு மீறிக் குடித்தவரின் சிறுநீரகம், சிறுநீரைச் செறிவாக்கும் திறனைத் தற்காலிகமாகக் கொஞ்சம் இழந்திருக்கும். திடீரென்று குறைத்தால் சில நாள் நீர்த்த சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும், தாகமும் பயமும் வரும். முதலில் போனது இரவு எட்டு மணிக்கு மேல் குடிக்கும் ஒன்றரை லிட்டர். சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் தள்ளக்கூடியது ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அந்த வேகத்தைத் தாண்டிக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. இவர் அந்த ஆபத்தில் இல்லை. இருந்தாலும் 136-ஐப் பார்த்த பிறகு அதையும் சொல்லி வைத்தேன்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "நாக்கு வறள்கிற மாதிரி இருக்கிறது, மேடம். எடையும் அரைக் கிலோ குறைந்துவிட்டது." சிறுநீர் என்ன நிறம் என்றேன். வெளிர் மஞ்சள். தாகம் எடுத்தால் குடியுங்கள், தாளைப் பார்த்துக் குடிக்காதீர்கள் என்றேன். எடை அத்தோடு நின்றது. ரத்தம் ஓரிரு சதவீதம் செறிவானாலே தாகம் தட்டி எழுப்பிவிடும், சிறுநீரகத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஹார்மோன் அதற்கும் முன்பே வேலையைத் தொடங்கிவிடும். பல மாதமாகத் தாகம் எடுக்க இடமே கொடுக்காத ஒருவருக்கு இது புது அனுபவமாகத்தான் இருந்திருக்கும்.

காபியின் எண்ணிக்கையை நான் தொடவில்லை. அவருடைய நான்கு காபியும் இரண்டு தேநீரும் தோராயமாக 380 மி.கி. கஃபீன். தயாரிப்பைப் பொறுத்து இது நன்றாகவே கூடும், குறையும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மி.கி. வரை கவலை இல்லை என்பது ஐரோப்பிய ஆணையத்தின் 2015 மதிப்பீடு. வரம்புக்கு உள்ளேதான் இருக்கிறார், ஆனால் ஓரத்தில். நேரத்தை மட்டும் மாற்றினேன். கஃபீன் உடலில் பாதியாகக் குறைய ஐந்து மணி நேரம் போல ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். மாலை ஐந்தரைக் காபியில் பாதி இரவு பத்தரைக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கடைசிக் காபியை இரண்டு மணிக்குக் கொண்டுவந்தோம். மாலைக் காபி போன இடத்தில் வேறெதுவும் வைக்கவில்லை. இரவுத் தூக்கம் வந்ததும் அதற்கான தேவை தானாகப் போய்விட்டது.

புதுத் தாளில் காபியும் தேநீரும் கூட்டல் பக்கம் வந்தன. கஃபீனுக்குத் தனிப் பத்தி, அதில் மி.லி. கிடையாது. மி.கி.யும் குடித்த மணியும்தான். ஒரு பானத்தைத் தண்ணீராக எண்ணுவது ஒரு கணக்கு, அதிலுள்ள கஃபீனை எண்ணுவது வேறொரு கணக்கு. அவருடைய சிக்கல் முழுவதும் இவ்விரண்டையும் ஒரே பத்தியில் போட்டதிலிருந்து வந்தது. சர்க்கரை போட்டால் அதற்கும் ஒரு பத்தி வேண்டும். அவர் போடுவதில்லை என்பதால் அந்தப் பேச்சு எழவில்லை.

ஐந்து வாரம் கழித்து: பானங்கள் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்குச் சராசரி 2.3 லிட்டர், அதில் ஏறக்குறைய 900 மி.லி. காபியும் தேநீரும். ஒரு நாள் சிறுநீர் 1.9 லிட்டர். சோடியம் 140. இரவில் எழுவது பெரும்பாலும் இல்லை, சில நாள் ஒரு முறை. ஞாயிறு தலைவலி நின்றது. அசதி பாதிதான் குறைந்தது என்றார். வருடக் கணக்கு முடிக்கும் காலம், நள்ளிரவு வரை வேலை. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இந்த அளவுகளை அப்படியே எடுத்துத் தன் தாளில் ஒட்டிக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுநீரகக் கல் வந்தவர்களை நிறையக் குடிக்கச் சொல்வார்கள். சிறுநீரே தினம் இரண்டரை லிட்டர் வர வேண்டும் என்பது அவர்களுக்கான இலக்கு. இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் மருத்துவர் நேர்மாறாக அளவைக் கட்டுப்படுத்தியிருக்கலாம், அப்போது ஒவ்வொரு காபியும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் எண்ணப்பட வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கஃபீன் வரம்பு 200 மி.கி. வெயிலில் உடலுழைப்பு செய்பவருக்குத் தேவை வெகுவாக ஏறும், அங்கே இவருடைய 2.3 செல்லாது.

மூன்று மாதம் கழித்து

கடைசியாக வந்தபோது தாள் கையில் இல்லை. இரண்டு வாரமாகவே எழுதுவதில்லையாம். வேறு ஒரு விஷயத்துக்காக வந்திருந்தார். அவருடைய அம்மாவுக்கு 74 வயது. வெறும் தண்ணீர் பிடிக்காது, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை தேநீர் குடிப்பார். "அது கணக்கில் வராதும்மா, தண்ணீர் குடி என்று இரண்டு வருடமாக அவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும். உடம்பு வற்றினாலும் தாகம் எழுப்பாது. மகனைவிட அம்மாவுக்குத்தான் ஒரு பதிவேடு பொருத்தம், அதில் அந்தத் தேநீர் முழுசாக வரவு. தேநீரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால் அம்மாவுக்குக் கெடுதல் வந்திருக்காது. அது உடம்புக்குக் கெடுதல் என்று நம்பி அவர் தேநீரைக் குறைத்திருந்தால்தான் வினை.

"குறைத்தாரா?" என்று கேட்டேன்.

"என் பேச்சை எங்கே கேட்டார்" என்றார். கைபேசியை எடுத்து, அங்கேயே புதிதாக ஒரு தாளைத் திறந்து, அம்மாவின் அன்றைய முதல் வரிசையை எழுதினார். காலை 6.15, தேநீர், 150, கூட்டல்.